பெயர் சொல்லாமல் வைத்த சோறு

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள்தான், ஆனாலும் சாமிக்குப் பயப்படுவேனே தவிர மற்றதற்கெல்லாம் பயந்தது கிடையாது. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், மூன்று வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்து இனி முடியாது என்றுதான். நீங்கள் நம்ப மாட்டீர்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் தவறிப்போன ஆறேழு மாசத்தில், தொண்ணூற்றெட்டில், மகள் சாந்தி என்னை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டாள். சான் ரமோனில் அபார்ட்மெண்ட், மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை, நாலு வயசில் பேத்தி அனு. வருஷத் திவசம் முடிவதற்குள் கடல் தாண்டுகிறாளே என்று என் நாத்தனார் சொன்னது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அதற்கேற்ற மாதிரி, அங்கே பால்கனியில் சோறு வைத்துக் கூப்பிட்டால் காக்காய் எதிர் மரத்தில் உட்கார்ந்து பார்க்குமே தவிர ஒரு பருக்கையைத் தொடாது. செத்துப்போன மனுஷன் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று எனக்குப் பயம். கீழ் வீட்டுக்காரர்கள் கம்ப்ளைண்ட் பண்ணி நோட்டீஸ் வந்துவிட்டது. மாப்பிள்ளை என் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை, சாந்தியிடம் சொன்னது சமையலறை வரை கேட்டது. அதோடு நிறுத்திவிட்டேன், அமாவாசை தவிர.

மே மாசக் கடைசியில் மூன்று நாள் லீவு வந்தது. தெற்கே ஆறு மணி நேரம் காரில் போய், மோட்டலில் தங்கி, காலையில் படகு ஏறி ஒரு தீவுக்குப் போனோம். பெயர் என் வாயில் நுழையவில்லை, நேஷனல் பார்க் என்றார்கள். பார்க் என்றதும் மரம் செடி இருக்கும் என்று நினைத்திருந்தேன். நடுக்கடலில் செங்குத்தாக ஒரு பாறை, அவ்வளவுதான். ஒரு மரம் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. படகிலிருந்து இரும்பு ஏணியைப் பிடித்து ஏறி, அப்புறம் நூற்றைம்பது படிக்கு மேல். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். மேலே தரை தெரியாமல் வெள்ளைக் கடல்பறவைகள், குஞ்சு பொரித்திருந்த சமயம், பாதையை விட்டு ஒரு அடி வைத்தால் தலைக்கு நேராகக் கொத்த வருகிறது. எச்ச நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். வந்தவர்களைக் கண்டாலே பிடிக்காத இடம் அது.

காக்கி உடுப்புப் போட்ட பார்க் பெண் எல்லாரையும் நிறுத்தி ஏதோ சொன்னாள். ஓரத்துக்குப் போகக் கூடாது, மண் சரியும், பறவைக்கு எதுவும் போடக் கூடாது என்று சாந்தி எனக்குச் சொன்னாள். கடைசியைச் சொல்லும்போது என்னையே பார்த்தாள்.

அன்றைக்கு அமாவாசை. ஊரிலிருந்து கொண்டுபோன காலண்டரில் நான் பார்த்து வைத்திருந்தேன், வேறு யாருக்கும் அந்த நினைப்பே இல்லை. மத்தியானம் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதத்தைத் திறந்ததும், பாத்ரூம் போகிறேன் என்று பொய் சொல்லி, ஒரு பிடிச் சோற்றை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பழைய கட்டடம் ஒன்றுக்குப் பின்னால் போனேன். தட்டையாக ஒரு பாறை இருந்தது. அதில் வைத்து, காக்காய்க்கு இங்கே எங்கே போவது, இந்தப் பறவையாவது எடுக்கட்டும் என்று கா கா என்று மெதுவாகக் கூப்பிட்டேன்.

நம்பினால் நம்புங்கள், காலையிலிருந்து காதைக் கிழித்த அத்தனை கூச்சலும் அந்த நிமிஷம் நின்றுபோனது. மனுஷர் கையிலிருந்து சிப்ஸ் பையைப் பிடுங்குகிற பறவைகள், குஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போயின. சோற்றைச் சுற்றி வட்டமாக வெறும் தரை.

எங்கள் பக்கம் கருமாதியில் பிண்டத்தைக் காக்காய் தொடாவிட்டால், செத்தவருக்கு ஏதோ குறை என்று அர்த்தம். கேட்டதைச் செய்கிறோம் என்று வாக்குக் கொடுப்பார்கள், அப்புறம்தான் தொடும். எனக்குத் தெரிந்தது அதுதான். கையைக் கூப்பி, "என்ன குறைன்னாலும் மன்னிச்சுடுங்க, எது கேட்டாலும் தர்றேன், சாப்பிடுங்க" என்றேன். புருஷன் பெயரை ஒரு நாளும் நான் சொன்னது கிடையாது. அன்றைக்கும் சொல்லவில்லை.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், பாறையில் சோறு இல்லை. ஒரு பறவையும் இறங்கவில்லை. நக்கித் துடைத்த மாதிரி பாறை ஈரமாக இருந்தது. அதற்குள் கடலிலிருந்து மூட்டம் ஏறி எதிரே இருந்த கட்டடம் மறைந்துபோனது. அந்தப் பக்கம் சாந்தி அனு அனு என்று கத்துகிறாள்.

எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. அப்போதுதான் பார்த்தேன், பறவைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரு வழி விட்டிருந்தன. அதில் ஓடினேன். வழி முடிகிற இடத்தில் பாறை விளிம்பு, அதை நோக்கி அனு நடந்துகொண்டிருந்தாள். வலது கையை மேலே தூக்கி வைத்திருந்தாள், உயரமான ஆளின் விரலைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி.

இடது கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. நாலு வயசுக் குழந்தை, இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிகிறவள் நான், அவளை அந்தப் பக்கம் வேறொன்று இழுத்தது. என் செருப்பு மண்ணில் கோடு போட்டுக்கொண்டே போகிறது. அவள் அழக்கூட இல்லை. திரும்பி, "ஹி இஸ் ஹங்ரி பாட்டி. யூ செட் ஓகே" என்றாள். அவருக்குப் பசிக்கிறதாம், நான் சரி என்று சொன்னேனாம்.

என் வீட்டுக்காரர் கோபக்காரர்தான், ஆனால் குழந்தைமேல் விரல் பட விடமாட்டார். யாருக்கென்று பெயர் சொல்லாமல் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அங்கேதான் உறைத்தது.

"வாக்குக் கொடுத்தது நான்டா. அவளை விட்டுடு. என்னை எடுத்துக்க" என்று கத்தினேன். என் ஆயுசில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

பிடி விட்டது. இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தோம். பறவைகள் மறுபடி கத்த ஆரம்பித்தன. மூட்டத்துக்குள்ளிருந்து ஓடி வந்த மாப்பிள்ளை கண்ணில் பட்டது, விளிம்பிலிருந்து இரண்டடியில் குழந்தையோடு கிடந்த நான். பறவைக்குச் சோறு போடக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "உங்களை நம்பி இனிமே எப்படி அத்தை விட்டுட்டுப் போறது?" என்றார். அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. சாந்தி குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அடுத்த மாசமே டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஊரில் தனியாக இருக்கிறேன். அனுவுக்கு ஏழு வயசு. தமிழ் புரியும், பேச வராது, அந்தத் தீவும் அவளுக்கு ஞாபகம் இல்லை என்று சாந்தி சொல்கிறாள். ஆனால் அமாவாசைக்கு அமாவாசை பாட்டிக்குப் போன் போடு என்று அடம்பிடிக்கிறாளாம். அந்த வீட்டில் தமிழ்க் காலண்டரே கிடையாது. ஸ்கூல் கதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, வைக்கும்போது மட்டும் சுத்தத் தமிழில், "பாட்டி, அவர் வந்துட்டாரா?" என்பாள். இன்னும் இல்லம்மா என்பேன்.

போன அமாவாசைக்கு அவள் அதைக் கேட்கவில்லை. நானே மனசு கேளாமல், என்னம்மா இன்றைக்குக் கேட்கவில்லையே என்றேன்.

"எதுக்குக் கேக்கணும்? உங்க பின்னாடி பேசிட்டுதானே இருக்காரு" என்றாள்.