குப்புறக் கிடந்த சுடுகாடு

நான் ஆட்டத்தில் கள்ளம் செய்தேன், அளாப்பினேன் என்று எழுதியது நீங்கள்தான், அண்ணே. எங்கள் ஆட்டக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வட்ஸ்அப் குழுவில், பௌர்ணமி விடுமுறையான போயா தினத்துப் பின்னேரம், ஒரே வரியில் எழுதினீர்கள்: "பிள்ளை சுடலைக்குள்ள இல்லாத சீட்டை எடுத்தவா." அதற்குக் கீழே ஆறேழு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். அந்த வரி இன்னும் அங்கேயே கிடக்கிறது.

குழுவில் புதிதாகச் சேர்ந்த, நம்மையோ ஆட்டத்தையோ தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கண்டியில் ஒரு புடவைக்கடையில் காசு மேசையில் இருக்கிறேன். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரசாங்க உத்தியோகத்தர். நம் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது கெலிஓயாவைச் சேர்ந்த முஸ்லிம் அண்ணன், நாம் எல்லாரும் நானா என்று கூப்பிடுகிறவர். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கொஞ்சம் பின்னால் அவருக்குப் பாடசாலைச் சாமான் கடை. மேல்மாடியில் நாலு மேசை, பிளாஸ்டிக் கதிரைகள், சுழலும்போது கிறீச்சிடும் ஒரு காற்றாடி. போயாவுக்குப் புடவைக்கடை பூட்டு. நான் அங்கேதான் போவேன்.

நாங்கள் ஆடுவது சாதாரண சீட்டு இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மிருகமோ மந்திரமோ இருக்கும். அவரவர் சீட்டை அவரவர் வாங்கித் தனக்கென்று ஒரு கட்டு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி கிடைக்கும். சின்ன மிருகத்தை இறக்கக் கொஞ்சச் சக்தி போதும். பெரியதற்கு நிறைய வேண்டும், அது சேரும் முன்னே ஆட்டம் முடிந்துவிடும். செத்த சீட்டும் வீசிய சீட்டும் பக்கத்தில் ஒரு குவியலாகச் சேரும். அதை நான் சுடுகாடு என்பேன். நீங்கள் சுடலை என்பீர்கள். நானா மையவாடி என்பார்.

வசதியான பிள்ளைகள் புதுச் சீட்டுப் பக்கற்றை உடைத்து, மினுங்கும் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மேசையில் போட்டுவிட்டுப் போவார்கள். நானா அதையெல்லாம் ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். என்னிடம் நல்ல கட்டு வாங்கக் காசில்லை என்று ஒரு நாள் எரிச்சலோடு சொன்னேன்.

"அந்தப் பெட்டில ஈக்கிறத எல்லாம் எடுத்துட்டுப் போங்க தங்கச்சி," என்றார். "எலி திங்கிறதுக்கு முந்தி யாராவது திங்கட்டும்."

பெட்டியை அறைக்குக் கொண்டுபோய்ப் பாயில் கொட்டினேன். யாருக்கும் வேண்டாத சீட்டுகள். சேற்று முதலை என்று ஒன்று. அதை இறக்கினால் என் கட்டின் மேலே இருக்கும் சீட்டுகள் ஐந்து நேராகச் சுடுகாட்டுக்குப் போகும். தன் கட்டைத் தானே அழிக்கும் இந்தச் சீட்டு யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன். குழி தோண்டுகிறவன் என்று இன்னொன்று. கிழட்டு முகம், கையில் மண்வெட்டி. அவன் சுடுகாட்டிலிருந்து ஒரு மிருகத்தைத் தூக்கி மேசைக்குக் கொண்டுவருவான். அந்த மிருகம் எவ்வளவு பெரியதென்றாலும் அவன் கேட்பது சின்னக் கூலிதான். பெட்டியின் அடியில் மூலை மடிந்த ஒரு யானை. பாதி உடம்பு எலும்பு. அதை இறக்கும் சக்தி எந்தக் கட்டிலும் சேராது, அதனால் அது பெட்டிக்கு வந்திருந்தது.

மூன்றையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலை யானையைக் குழிக்குள் தள்ளட்டும். கிழவன் தோண்டி எடுக்கட்டும். மற்றவர்கள் கோழியும் நாயும் இறக்கிக்கொண்டிருக்கும்போது என் யானை மேசையில் நிற்கும். சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கிழமை கடையில் புடவை மடிக்கும்போதெல்லாம் இதையே யோசித்தேன். எத்தனை முதலை, எத்தனை கிழவன், யானை வராவிட்டால் எதைத் தூக்குவது. பஸ்ஸில் ஏறி இறங்க மறந்து ஒரு தடவை தென்னக்கும்புர வரைக்கும் போய்விட்டேன். குப்பையிலிருந்து செய்த அந்தக் கட்டின்மேல் எனக்கு இருக்கும் பாசம் பல மனிதர்மேல் இல்லை.

இனி நம் பிழைக்கு வருகிறேன். நம் எல்லாருடைய பிழை.

நம் கூட்டத்தில் எல்லாருமே வீட்டில் முந்நூற்றி நாலு என்ற பழைய சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். அதில் வென்ற சீட்டைக் குப்புறக் கவிழ்த்து வைப்பது வழக்கம், திருப்பிப் பார்க்கக் கூடாது. இந்தப் புது ஆட்டம் வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டோம். சுடுகாட்டையும் குப்புற வைத்தோம். முதல் நாளே நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "விழுந்த சீட்டைத் திரும்பிப் பாக்கிறது மரியாதை இல்லை." எல்லாரும் தலையாட்டினோம். எவருடைய கட்டும் சுடுகாட்டைத் தொடாத வரை அதனால் ஒரு கெடுதியும் வரவில்லை.

அந்தப் போயாவுக்குப் போட்டி வைத்தார் நானா. கடைசி ஆட்டம் உங்களுக்கும் எனக்கும். நான் முதலையை இறக்கினேன். வழக்கப்படி ஐந்து சீட்டையும் முகம் பார்க்காமல் குப்புறத் தள்ளினேன். அதில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது. அடுத்த முறை கிழவனை இறக்கி, குவியலை எடுத்து, எனக்கு மட்டும் தெரியும்படி விரித்துப் பார்த்தேன். யானை இருந்தது. மேசையில் வைத்தேன்.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். "எங்கயிருந்து வந்தது உது?"

"சுடுகாட்டுல இருந்து, அண்ணே."

"அது விழேல்லையே. நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

"குப்புறத்தானே விழுந்துச்சு. எப்படிப் பாத்தீங்க?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். ஆர் பாத்தது?"

"வேணும்னா என் கட்டை எண்ணிப் பாருங்க. ஒரு சீட்டு கூடுதலா இருந்தா நான் இனிமே இங்க வரல."

"எண்ணி என்ன பிள்ளை செய்யிறது? கட்டுக்குள்ள இருந்ததை நீர் கைக்குள்ள எடுத்திருந்தாலும் எண்ணிக்கை சரியாத்தானே வரும்."

நீங்கள் சொன்ன கணக்குச் சரி. நான் உண்மை சொல்கிறேன் என்பதற்கு அந்த மேசையில் சாட்சியே இல்லாமல் நாமே செய்து வைத்திருந்தோம். நானா நடுவில் வந்து, "சும்மா ஈங்க ரெண்டு பேரும், தேத்தண்ணி வருது," என்றார். நீங்கள் எழும்பிப் போனீர்கள். நான் மாடிப்படி இறங்கும் முன் ஃபோனில் அந்த வரி வந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் எழுதியது வேறொருவராக இருந்தால் இவ்வளவு வந்திருக்காது. அம்பிட்டிய வீதியில் எனக்கு அறை பார்த்துத் தந்தது நீங்கள். என் அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்து, படிக்கட்டு முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே மேலே ஏற்றியதும் நீங்கள். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் எனக்கென்று ஓலைக் குட்டானில் அடைத்த பனங்கட்டி கொண்டுவருவீர்கள். நான் தோற்றால் என்னைவிட உங்களுக்குத்தான் முகம் வாடும்.

அடுத்த மாதம் கொழும்புப் பிள்ளை ஒருத்தி வந்தாள். பேராதனையில் படிப்பவள். நம் மேசையைப் பார்த்ததும் கேட்டாள், "ஏன் இத குப்புற வச்சிருக்கீங்க? இது ரெண்டு பேரும் எப்ப வேணும்னாலும் எடுத்துப் பாக்கத்தானே."

அவள் ஃபோனில் விதியைத் தேடிக் காட்டினாள். சுடுகாடு எப்போதும் முகம் மேலே. மறைவு ஒன்றும் கிடையாது.

நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மையவாடிலயே மீசான் கட்டை நட்டு ஆளு யாருன்னு காட்டுறோம். நாங்க இங்க இவ்வளவு நாளா எல்லாரையும் முகங்குப்புறப் போட்டு வச்சிருக்கோம்."

நீங்களும் சிரித்தீர்கள். பிறகு என்னைக் கீழே தேநீர்க்கடைக்குக் கூட்டிப்போய், இரண்டு வடையை என் பக்கம் தள்ளி, மெதுவாகச் சொன்னீர்கள்: "பிழை என்ரதான், தங்கச்சி. மனசில வைச்சிருக்காதையும்."

"சரிண்ணே. அதையே குழுவுல எழுதுங்க."

"அதை ஏன் திரும்பக் கிளறுவான்? என்ர கந்தோர்ப் பொடியளும் அதுக்குள்ள நிக்கிறாங்கள்."

வடையைச் சாப்பிட்டேன். கோபத்தில் வடையை விடுகிறவள் இல்லை நான். ஆனால் ஒன்று சொல்கிறேன், உங்களோடு வேலை செய்யும் கந்தோர்ப் பொடியன்களும் சேர்த்துத்தான் அந்த வரியைப் படித்தார்கள். இப்போது சுடுகாடு முகம் மேலே கிடக்கிறது, யாரும் எட்டிப் பார்க்கலாம். பார்க்கிறவர்கள் சீட்டைப் பார்ப்பதில்லை. என் கையைப் பார்க்கிறார்கள். போன போயாவுக்கு ஒருவன் சட்டைக் கையை மடித்துவிட்டு ஆடச் சொன்னான், பகிடிக்கு என்றான். பக்கத்து மேசையும் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை, குனிந்து உங்கள் சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் காசு மேசையில் இருக்கிறவள். என் கையைச் சந்தேகத்தோடு பார்த்தால் எனக்குச் சோறில்லை.

தேநீர்க்கடை மன்னிப்பு எனக்கும் உங்களுக்கும் போதும். அவர்களுக்குப் போதாது. அதனால் இதை அந்தக் குழுவிலேயே போடுகிறேன், எல்லாரும் வாசிக்க. எனக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், கோல் எடுக்கவும் வேண்டாம், நானாவைத் தூது விடவும் வேண்டாம். அன்றைக்கு அந்த யானை சுடுகாட்டில் இருந்ததா, இல்லையா? நான் அளாப்பினேனா, இல்லையா? இதற்குக் கீழே, உங்கள் பெயரோடு, பதில் எழுதுங்கள் அண்ணே.