கால்விரல் பார்க்கும் புஷ்பராணி

போர்வையைக் கால்மாட்டில்தான் முதலில் விலக்குவார். முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகு. பத்து விரல்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, போர்வையை இழுத்து மூடி, தலைமாட்டுக்கு வந்து, "என்ன அண்ணை, நோகுதோ?" என்று கேட்பார். பதிலை அவர் பெரிதாக நம்புவதில்லை. "முகம் மரியாதைக்குச் சிரிக்கும் பிள்ளை. கால்விரலுக்கு மரியாதை தெரியாது" என்பார். வலியிருந்தால் விரல்கள் உள்ளே மடங்கிக் கிடக்குமாம்.

புஷ்பராணிக்கு ஐம்பத்தாறு வயது. இனி வைத்தியமில்லை என்று மருத்துவமனைகள் அனுப்பிவைக்கும் நோயாளர்களுக்காக பிரெஞ்சு பேசும் எங்கள் பனி நகரத்தில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் உள்ள ஒரு சிறிய இல்லத்தில் உதவிப் பணியாளராக இருக்கிறார். கழுவுவது, திருப்பிப் படுக்கவைப்பது, உலர்ந்த வாயை ஈரப் பஞ்சால் துடைப்பது அவர் வேலை. மருந்தைத் தொடவோ கோப்பில் ஒரு வரி எழுதவோ அவருக்கு அனுமதியில்லை. இலங்கையில் பதினொரு வருடம் தாதியாக இருந்தவர். அந்தச் சான்றிதழ்கள் இங்கே செல்லுபடியாகவில்லை. நான் அதே இல்லத்தின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். நோயாளியின் உரிமைகள் பற்றி இருபது பக்கம் எழுதி நல்ல புள்ளி வாங்கியிருக்கிறேன்.

புஷ்பராணி மதியச் சாப்பாட்டை நின்றபடியே சாப்பிடுவார். பார்வையாளர்களைத் திட்டுவதும் அப்போதுதான். "சொட்டுத் தண்ணி இறங்காத மனுசனுக்கு அப்பிள் கொண்டு வருகினம். பேந்து நாங்கள்தான் தின்னவேணும்." சொல்லிக்கொண்டே வெட்டி எனக்கும் ஒரு துண்டு நீட்டுவார்.

ஜனவரியில் எமிலியானுஸ் ஐயா வந்தார். மன்னார்க்காரர், புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. மூத்த மகன் வலன்ரைன் கட்டிலருகிலேயே இருந்தார். வலி போக்கும் மோர்பின் ஊசிக்கு மருத்துவர் எழுதியிருந்தார். ஐயா வேண்டாம் என்றார். உண்மையில் வேண்டாம் என்றது மகன். "அந்த ஊசி போட்டா ஆள் எழும்பாது. தம்பி வெள்ளிக்கிழமை பாரிசிலை இருந்து வாறான். அதுவரைக்கும் அப்பா கதைக்கவேணும்."

தாதி எலிசா பிரெஞ்சில் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்: பூச்சியத்திலிருந்து பத்துவரை வைத்தால் உங்கள் வலி எத்தனை? ஐயா மகனைப் பார்த்தார். "ஒரு ரெண்டு இருக்கும்." நான் இரண்டு என்றேன். எலிசா இரண்டு என்று எழுதினார். கால்மாட்டில் நின்ற புஷ்பராணி போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினார். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாம். நீயும் ரெண்டெண்டு சொல்லிப்போட்டு வாறாய். படிச்ச பிள்ளை."

"அவர் சொன்னதைத்தானே அன்ரி சொன்னனான்."

"ஓம் ஓம். அங்கை வன்னியிலை சண்டை நேரம் மருந்தில்லாமல் கத்தினதுகள். இஞ்சை அலுமாரி நிறைய மருந்து. அதுக்கு முன்னாலை மகன்மார் நிக்கினம்."

நான்கு நாள் இப்படியே போனது. புதன்கிழமை மதியம் பனி அள்ளும் வண்டிகளின் சைரன் தெருவில் கேட்டது. தெருவில் நிறுத்திய காரை இடம் மாற்றாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வலன்ரைன் ஜாக்கெட்டைக்கூடப் போடாமல் ஓடினார். புஷ்பராணி மறுநிமிடமே எலிசாவையும் என்னையும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணை, மகன் கீழை போயிட்டார். இப்ப சொல்லுங்கோ."

ஐயா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். "ஒம்பது" என்றார். பிறகு, "போடச் சொல்லுங்கோ. ஆனா நான் கேட்டதெண்டு வலன்ரைனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தன்னாலைதான் இவ்வளவு நாளும் நொந்ததெண்டு நினைப்பான். தாங்கமாட்டான்."

"சொல்லமாட்டம் அண்ணை" என்றார் புஷ்பராணி. எல்லாவற்றையும் அப்படியே மொழிபெயர்த்தேன். எலிசா தலையசைத்துவிட்டு ஊசியைப் போட்டார். மகன் திரும்பி வந்தபோது ஐயா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் தெளிவாகப் பேசவில்லை. வெள்ளி காலை, பாரிஸ் விமானம் இறங்குவதற்கு முன்பே போய்விட்டார். நோய்தான் கொண்டுபோனது, அந்தச் சிறிய அளவு மருந்தல்ல என்று மருத்துவர் இரண்டு தடவை விளக்கினார். எலிசாவை அறைக்குக் கூட்டிப்போனது யார் என்று கேட்டறிந்திருந்த வலன்ரைன், நடைபாதையில் வைத்துப் புஷ்பராணியிடம் சொன்னார்: "ரெண்டு நாள் பொறுக்கேலாமல் போச்சோ உங்களுக்கு? அப்பாவின்ரை உடம்பிலை நீங்கள் கை வைக்கப்படாது." உடலை வேறு இருவர் கழுவினார்கள். புஷ்பராணி அடுத்த அறைக்குப் போனார்.

கதை நகரின் மறுபக்கம் செயின்ட்-மிஷேலில் உள்ள தமிழ்க் கடைவரை போனது. "ஊசிப் புஷ்பராணி" என்று ஒரு பெயரும் வந்தது. "பட்டம் வைக்கிறதிலை எங்கடை சனத்தை அடிக்கேலாது" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார். வாக்குக் கொடுத்ததால் அவர் பேசவில்லை. நான் ஏன் பேசவில்லை என்று என்னையே கேட்டுப்பார்க்கிறேன். அதுவும் வாக்குத்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் பழி என்மேல் விழவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்குப் புஷ்பராணி போயே தீருவேன் என்றார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். திருப்பலி முடிந்து வெளியே வரும்போது கோயில் படியில் வலன்ரைன் நினைவு அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு நீட்டவில்லை. நாங்கள் கடந்துபோனதும் பின்னால் இறங்கி வந்தார். மெலிந்திருந்தார்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நான் காரை மாத்திப்போட்டு வாறதுக்குள்ளை, அப்பா தானாக் கேட்டவரோ?"

நான் வாயைத் திறந்தேன். புஷ்பராணியின் கை என் மணிக்கட்டை இறுகப் பற்றியது.

"இல்லைத் தம்பி. நான்தான் நேர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படியேறினார். கோயில் கதவு அவருக்குப் பின்னால் மூடும்வரை புஷ்பராணி என் கையை விடவில்லை.