மாலை போட்ட சக்கரம்

தட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். மலைக்குக் கீழே ஒரு தொழிற்சாலையில் வார்ப்பு இரும்புச் சாமான்களைச் சின்னச் சுத்தியலால் தட்டுவேன். அதிர்வைக் கணினி கேட்கும். நல்ல சாமான் நீளமாக ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். இந்த வேலை மனுஷனைக் கெடுத்துவிடுகிறது. விருந்துக்குப் போனாலும் தம்ளரைத் தட்டாமல் எனக்குத் தண்ணீர் இறங்காது.

மலைமேல் ஜமுனாமரத்தூர் பக்கத்தில் அக்கா வீட்டில் சாமை மில் போட்டார்கள். மாமா பழைய சாமானாகப் பிடித்து வந்த இரண்டு பெரிய இரும்புச் சக்கரங்கள், மாட்டுவதற்காக உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கின. பூஜை முடிந்திருந்தது. மில்லை ஓட்டப்போவது அக்காதான். சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று சாமை கொட்ட வேண்டும். என் கை சும்மா இருக்குமா? ஸ்பேனரை எடுத்து முன்சக்கரத்தைத் தட்டினேன். டொக்.

"மாமா, இது வேணாங்க. விரிசல் வுட்டிருக்கு. ஓடறப்போ தெறிச்சா அக்கா தலை மிஞ்சாது."

சொந்தபந்தம் முன்னால் மாமாவின் முகம் சுண்டிப்போனது.

"பூஜை போட்ட சாமானை இன்னா பேச்சு பேசுற மச்சான்? மாலையை அவுத்துட்டுத் தட்டு."

மஞ்சள் துணி சுற்றி, சாமந்தி மாலையை இறுக்கிக் கட்டி, சந்தனமும் அப்பியிருந்தார்கள். சாமிக்கு மரியாதை என்று நானும் எதையும் விலக்காமல் தட்டியிருந்தேன். கம்பளி போர்த்திய மணி எங்கே ஒலிக்கும்? எல்லாவற்றையும் அவிழ்த்துத் துடைத்துவிட்டுத் தட்டினால் கணீரென்றது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு சாமான் வந்தாலே தொழிற்சாலையில் நான் போடுகிற கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. மானம் போயிற்று.

மாமாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. ஸ்பேனரைப் பிடுங்கித் திருஷ்டிப் பூசணிக்காயைத் தட்டினார். "இது பாஸு." என் மண்டையைத் தட்டினார். "இது பெயிலு." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அக்காவும் சிரித்தாள், அதில்தான் எனக்கு எரிச்சல். அதே வேகத்தில் பின்சக்கரத்தையும் ஒரு தட்டு தட்டினார். மாலை ஒன்றுதான் வாங்கியிருந்ததால் அது வெறுமையாகத் தொங்கியது.

டொக்.

மறுபடி தட்டினார். டொக். சிரிப்பு அடங்கியது. நான் போய்ச் சக்கரத்தின் ஆரக்கால் ஒன்றின் அடியில் இருந்த கிரீஸைத் துடைத்தேன். மயிரிழை மாதிரி ஒரு கோடு குறுக்கே ஓடியது.

"நான் இங்கதானடா நிப்பேன்" என்றாள் அக்கா, தரையைக் காட்டி.

மாமா அவளைப் பார்க்கவில்லை. பலகையில் கிடந்த மிச்சச் சாமான்களை, போல்ட் வரைக்கும், ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்துத் தட்ட ஆரம்பித்தார்.