கமிஷனில் நான் இருந்த மூன்று நாள்

மலைப்பக்கத்தில் ஒரு நடைபாலம் இடிந்து சிலருக்குக் கை கால் முறிந்தது. அரசு ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தது. பாலம் கட்டியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் சொல்வதை மலையாளத்தில் எழுதித் தர, திருவனந்தபுரத்தில் அரசு மொழிபெயர்ப்பாளராக இருந்த என்னை அழைத்துக்கொண்டார்கள். விசாரணை மூடிய அறையில். உள்ளே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள், கம்பி கட்டிய தொழிலாளி ஒருவரிடம், இன்ஜினியர் நேரில் பார்த்து அளந்து கையெழுத்திட வேண்டிய அளவுப் புத்தகத்தைக் காட்டினார்கள். அதிலிருந்த கையெழுத்து அத்திம்பேருடையது, என் அக்காவின் கணவருடையது. அவர் பொதுப்பணியில் இன்ஜினியர் என்பது தெரியும். இந்தப் பாலம் அவர் பொறுப்பில் இருந்த வேலை என்பது எனக்குத் தெரியாது.

"சாரு எட்டியே பாக்கலங்க. கையெழுத்து மட்டும் வந்துச்சு" என்றார் அந்தத் தொழிலாளி.

எழுதி முடித்து, நேராகத் தலைவரிடம் போய் உறவைச் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கோபப்படவில்லை. "எதையாவது மாற்றினீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை சார்" என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

அன்றே என்னை விடுவித்துவிட்டு, நான் எழுதியதை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேறொரு பெண்ணை வைத்தார். மறுநாள் அவள் என்னைக் கூப்பிட்டு ஒரு வரியைக் காட்டினாள். 'சரியாகப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தேன்.

"சேச்சி, இன்ஜினியர் வரவே இல்லைன்னுதானே அந்தத் தொழிலாளி சொன்னார்?"

முகம் எரிந்தது. திருத்திக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதை யாரிடமும் பேசவில்லை. இன்றும் அவளை நினைத்தால் மனசு நிறைகிறது.

திருவனந்தபுரம் கரமனையில் அக்காவும் நானும் ஒரே தெரு.

"கமிஷன்லேந்து ஏன் திருப்பி அனுப்பிட்டா?" என்று கேட்டாள்.

"சொல்லப்படாது அக்கா."

இரண்டு வாரத்தில் அத்திம்பேருக்குக் கமிஷனிலிருந்து நோட்டீஸ் வந்தது. எனக்கு முன்பே தெரியும் என்று புரிந்ததும் அக்கா பேச்சை நிறுத்தினாள். அறிக்கை வரும்வரை, ஏழெட்டு மாதம், தெருவில் எதிரே வந்தாலும் தலையைத் திருப்பிக்கொள்வாள். அறிக்கையில், பாலத்தைப் பார்க்காமலே கையெழுத்திட்டது குற்றம் என்றிருந்தது. அத்திம்பேருக்கு இன்கிரிமெண்ட் நின்றது, வேலை தப்பியது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் அடுக்களைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தா இவர் சும்மா இருந்திருக்க மாட்டார். ஆரையாவது பிடிச்சு அந்தப் புஸ்தகத்தைத் திருத்தப் போயிருப்பார். உள்ள உத்தியோகமும் போயிருக்கும்."

"அத்திம்பேர் என்ன சொல்றார்?"

"முதல்ல உன்மேல தேஷ்யமாத்தான் இருந்தார், உன் பேரைச் சொன்னாலே எரிஞ்சு விழுவார். இப்போ ஒண்ணும் இல்லை. சாயங்காலம் வா, அடை வாக்கறேன்."

போனேன். அத்திம்பேர் எழுந்து எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.