அண்ணி சொல்லாமல் விடும் வரி

அண்ணியை நான் முதலில் அறிந்தது குரலாகத்தான். ஈப்போவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. காலையில் கோப்பெங் பக்கமிருந்து வரும் பேருந்து எங்கள் ஏழாங்கட்டை நிறுத்தத்துக்கு வரும்போதே பிதுங்கிக்கொண்டிருக்கும். உள்ளே ஏறினால் ஆள் முகம் தெரியாது. அந்தக் குரல் மட்டும் தலைகளுக்கு மேலே வரும். “உள்ள போங்க, உள்ள போங்க, மாசோக் டாலாம், சிம்பாங் பூலாய் இறங்குறவங்க முன்ன வாங்க, அப்பே, கால எடுங்க, கோழி மிதிபடுது லா!” தமிழும் மலாயும், ‘அப்பே’ என்று சீனத் தாத்தாக்களைக் கூப்பிடும் கண்டனீஸும் ஒரே மூச்சில் வரும். மூச்சு எங்கே வாங்குகிறாள் என்று யாருக்கும் தெரியாது. தோளில் தோல்பையும் விரலிடுக்கில் டிக்கெட் கட்டுமாக ஒல்லியான ஒரு பெண். அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. என் அண்ணன் ஈப்போவில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை செய்தார். அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அட்டைப் பெட்டியைத் தரையில் பிரித்துப் போட்டு, அதன்மேல் தலைகீழாகச் சுழல்வார்கள். குழுவின் பெயர் ‘ஏழாங்கட்டை’. எங்கள் பக்கம் மைல்கல்லைக் கட்டை என்போம். ஊர் வேறு பெயரில்லாமல் அந்தக் கல்லின் பெயரிலேயே வளர்ந்தது. சுழல்வது அவர்களுக்கு வந்தது. ராப் வரவில்லை. கறுப்பினத்து அமெரிக்கர்களைப் போல ஆங்கிலத்தில் பேசப் பார்ப்பார்கள். அடுப்படியிலிருந்து அம்மா, “எவனுக்குடா வலிப்பு வந்துருக்கு?” என்று கேட்பாள்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் என்னோடு அதே பேருந்தில் வந்தார். இருக்கைக் கம்பியில் விரலால் ஏதோ தாளம் தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வழக்கம்போல் ஊர்களைக் கூவினாள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன. அண்ணன் தாளத்தை மாற்றினார். அவள் குரலும் தானாக மாறியது. சிம்பாங் பூலாய் தாண்டுவதற்குள் பின்வரிசை முழுவதும் கம்பியில் தட்ட ஆரம்பித்துவிட்டது. அண்ணன் அவளிடம் போய், “நீங்க எங்க குழுவுல சேரணும்” என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்து, “மொதல்ல டிக்கெட் எடுங்க. அப்புறம் பேசலாம்” என்றாள்.

பயிற்சி ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை ஒன்று இருந்தது. பெற்றோர் பால்மரம் சீவப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். தோட்டம் விலை பேசப்பட்டு, பாதிப் பேர் பட்டணத்துக்குப் போய்விட்டதால் அது பூட்டாமலே கிடந்தது. அவள் அங்கே வந்து மூவரும் ஆங்கிலத்தில் திணறுவதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, “ஏண்ணே, இந்த வெள்ளக்காரப் பேச்சு யாருக்கு? நம்ம வாயில என்ன வருதோ அதச் சொல்லுங்களேன்” என்றாள். அதுதான் அந்தக் குழுவின் பிறந்தநாள் என்று அண்ணன் இன்றும் சொல்வார்.

முதல் மேடை தோட்டத்து மாரியம்மன் திருவிழா. தாளம் ஆரம்பித்து, அவள் மூச்சு விடாமல் பேசி முடித்தாள். முன்வரிசைத் தாத்தா ஒருவர், “எல்லாஞ் சரிம்மா, பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டார். அவள் ஒலிபெருக்கியிலேயே சிரித்துவிட்டாள். அடுத்து அந்தத் தாத்தாவின் கேள்வியையே முதலடியாக வைத்து, அங்கேயே வரி கட்டிச் சொன்னாள். கூட்டம் ஆரவாரித்தது. அதற்குப் பிறகு கம்பாரிலிருந்து தைப்பிங் வரை கல்யாண வீடுகளில் ஏழாங்கட்டைக்கு அழைப்பு வந்தது.

மறு வருடம் அண்ணன் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அம்மாவுக்கு இஷ்டமில்லை. “பஸ்ஸுல கத்துறா, மேடையில கத்துறா, வீட்டுல மட்டும் கத்தாம இருப்பாளா?” என்பாள். அண்ணி வீட்டில் கத்தியதே இல்லை. ஆனால் ஓயாமல் பேசுவார். அண்ணி பேசப் பேச அம்மா வாயை இறுக்கிக்கொள்வாள். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவர்களுக்குள் “சோறு வச்சாச்சு”, “சரிங்க அத்த” என்பதற்குமேல் எதுவும் நிகழவில்லை.

ஈப்போவில் கேசட் கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே ஒருவர், அவர்கள் பாட்டைப் பதிவு செய்து விற்கலாம் என்று ஆள் அனுப்பினார். எல்லாரும் தரையில் கால் பாவாமல் திரிந்த அந்த வாரம்தான் அண்ணியின் குரல் போயிற்று. முதலில் கரகரப்பு, பிறகு காற்று மட்டும். மருத்துவர் தொண்டையைப் பார்த்துவிட்டு, உழைக்கிற கையில் விழுவதுபோல அங்கேயும் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். மாதக்கணக்கில் முணுமுணுக்கக்கூடக் கூடாது. மீறினால் குரல் திரும்பாது. நடத்துனர் வேலையை விட்டார். தவுக்கேயால் காத்திருக்க முடியவில்லை. வேறு பாடகியைப் போடலாமா என்று கேட்டார். அண்ணி வேகமாகத் தலையாட்டி, போங்கள், போங்கள் என்று கையால் அண்ணனை விரட்டினார். அண்ணன் போகவில்லை. வாய்ப்பு போனது.

அந்த மாதங்களில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அண்ணனைக் கூப்பிட அண்ணி தட்டில் கரண்டியால் தட்டுவார். மற்றபடி சத்தமே இல்லை. அதை முதலில் தாங்க முடியாமல் போனது அம்மாவுக்குத்தான். “என்னாடி இது, சாவு வீடு மாதிரி” என்று முணுமுணுத்தவள், கொஞ்சம் கொஞ்சமாகத் தானே பேச ஆரம்பித்தாள். நான் வேலை முடிந்து வரும்போது இருவரும் பின்வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்கள். பேசுவது அம்மா; கேட்பது அண்ணி. நான் நெருங்கினால் அம்மா நிறுத்திவிடுவாள். குறுக்கே ஒரு சொல்லும் போட முடியாத ஒருத்தியிடம்தான் அம்மாவால் பேச முடிந்ததோ என்னவோ.

குரல் திரும்பியது, ஆனால் பழைய குரல் இல்லை. அடியில் மணல் இருப்பதுபோல ஒரு கரகரப்பு. தோட்டம் கைமாறி, கொட்டகைகளை இடிக்க இயந்திரங்கள் வந்து நின்ற சமயம். இடிப்பதற்குள் ஆயாக்கொட்டகையிலேயே பதிவு செய்துவிடலாம் என்று அண்ணன் ஒரு பதிவுக் கருவியை இரவல் வாங்கி வந்தார். புதுப் பாட்டு ஒன்று இருக்கிறது என்று மட்டும் அண்ணி சொன்னார். அம்மா எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

அண்ணி ஆரம்பித்தார்.

“மரத்துக்கு மரம் பாலு ஊறுது,
மாருல எனக்கும் பாலு ஊறுது,
தொட்டில்ல கெடக்கு எந் தலப்புள்ள,
தோட்டத்துல நிக்கிறேன், தூக்க ஆளில்ல…”

எங்களுக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு குழந்தை இருந்தது அன்றைக்குத்தான் எனக்கும் அண்ணனுக்கும் தெரியும். அவள் கத்தியும் கையுமாக மரம் சீவிக்கொண்டிருந்தபோது, இதே கொட்டகையில், காய்ச்சலில் போய்விட்ட குழந்தை. அண்ணனின் கை தாளத்தை விடவில்லை. முகத்தைத்தான் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“காச்சல் சேதி வந்து சேரல…” என்றார் அண்ணி. அடுத்த வரி வரவில்லை. தொண்டையா, அழுகையா, தெரியாது. தாளம் மட்டும் ஓடியது. அப்போது வாசலிலிருந்து அம்மா சொன்னாள். ராகமில்லை, தாளமில்லை, பக்கத்து வீட்டாளிடம் சொல்வதுபோல:

“கடைசி மரம் வரைக்கும் கத்தி நிக்கல.”

சொல்லிவிட்டுத் தேநீர்த் தூக்கை உள்ளே கொண்டுவந்து வைத்தாள். யாரும் மறுபடி பதிவு செய்யலாம் என்று சொல்லவில்லை.

அந்தக் கேசட் எந்தக் கடையிலும் விற்கவில்லை. ஒருவர் கேட்க ஒருவர் படியெடுத்து, அதுவாகவே ஊர் ஊராகப் போனது. கல்யாணமாகி நான் தைப்பிங் போன பிறகு, மழைக்கு ஒரு முடிதிருத்தும் கடையோரம் ஒதுங்கினேன். உள்ளே அண்ணியின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கத்தரியை நிறுத்தி, நாற்காலியில் இருந்தவரிடம், “பொறு மச்சான், இப்ப ஒரு அம்மா பேசுவாங்க பாரு” என்றார். அது என் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். மழைச் சத்தத்தில் அவள் குரல் வந்தது.

ஏழாங்கட்டை சில வருடங்கள் ஓடியது. ஒருவர் சிங்கப்பூர் போனார், ஒருவருக்கு முதுகு போனது, அண்ணிக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். அம்மா இறந்தும் வெகு காலமாகிவிட்டது. கடைசிவரை அவளுக்குக் கஞ்சி ஊட்டியது அண்ணிதான். இருவரும் பேசிய பேச்சுக்கு அளவில்லை.

போன வருடம் ஈப்போவில் ராப் பாடும் இளைஞர்கள் சிலர் அண்ணியைத் தேடி வந்து ஒரு மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். நானும் போயிருந்தேன். நரைத்த தலையோடு மேடையேறி அந்தப் பாட்டைத் தொடங்கினார். மணல் குரல் அப்படியே இருந்தது. “காச்சல் சேதி வந்து சேரல…” என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். தாளம் ஓடியது. மறந்துவிட்டார் என்று நினைத்து, பாவம், பிள்ளைகள் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் அண்ணன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வரி சொல்லக்கூடிய நேரம் காத்திருந்துவிட்டு, அண்ணி அதற்கு அடுத்த வரியிலிருந்து தொடர்ந்தார்.