சொல்லிக்கொள்ளாமல்

நார்வேயின் பெர்கன் நகரில் எங்கள் அடுக்ககத்துப் படிக்கட்டில் இங்கர் என்னை நிறுத்தினார். மூன்றாம் மாடிக்காரர், கணவரை அடக்கம் செய்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "நான் உங்களை ஏதாவது புண்படுத்திவிட்டேனா?" என்று கேட்டார். முந்தின நாள் துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மற்றவர்கள் "கொண்டோலெரர்" என்று அனுதாபம் சொல்லிக் கைகுலுக்கினார்கள், கேக் சாப்பிட்டார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். நான் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன். இங்கே அப்படிப் போகிறவன் சண்டைக்காரன். எங்கள் போடிப் பக்கம் துக்க வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக்கூடாது, அது இன்னொரு சாவை அழைப்பது போல என்று விளக்கினேன். இங்கர், "அப்படியானால், மறுபடி எப்போது வருவீர்கள் என்று அந்த வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?" என்றார். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிவிட்டேன். அன்று எனக்குப் பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்லை.

அக்கா நினைவுதான் வந்தது. அத்தான் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டியவர். நான் முதல்முதலாக வெளிநாடு கிளம்பியபோது மதுரை வரை கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். அவர் இறந்த காலையில் அக்கா போனில் சொன்னது: "தம்பி, வெரசா வாடா. கோடி போட நீ ஒருத்தன்தேன் இருக்க." கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உடன்பிறந்தவன் போர்த்த வேண்டும். டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன். உண்மையில் நான் தேடவே இல்லை. பயம். நாற்பது வருஷமாக இங்கே குரலைத் தாழ்த்தியே வாழ்ந்தவன் நான். அக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும்போது எனக்கு அழுகை வராமல் போய்விட்டால் என்ன செய்வது? சித்தப்பா மகன் சேலையைப் போர்த்தினான்.

பதினான்கு மாதம் கழித்துத்தான் ஊருக்குப் போனேன். அக்கா முறத்தில் ஏலக்காயைக் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க நார்வேக்காரரே. டிக்கெட்டு கெடச்சிருச்சா?"

எதிரே உட்கார்ந்து நானும் வெடித்த காய்களைப் பொறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் சொல்லிவிட்டேன்: "அக்கா, நான் டிக்கெட்டே தேடல."

அவள் விரல்கள் நிற்கவில்லை. "தெரியும்டா. பொய் சொல்லும்போது ஒனக்குக் கொரலு கீச்சுனு போகும். சின்னதுலருந்தே அப்பிடித்தேன். சரி, பச்சைய ஏன் வெடிச்சதுல போடுற? கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாரு."

சாயங்காலம் ஊர் வழக்கப்படி பேசாமல் எழுந்து தெருவில் இறங்கினேன். பின்னாலிருந்து அக்கா கத்தினாள்.

"எங்கடா வாயத் தொறக்காமப் போற? துட்டி முடிஞ்சு வருசமாச்சு. சொல்லிட்டுப் போ."

எனக்கு அன்றுதான் துக்கம் தொடங்கியிருந்தது. அவளுக்கோ அந்த வீடு வெறும் வீடாகிவிட்டிருந்தது. ஊரே வந்து அழுது, அவளைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போயிருந்தது. அந்தக் கூட்டத்தில் இல்லாதவன் நான் ஒருவன்தான்.

"போயிட்டு வர்றேங்க்கா."

"எப்ப?"

பஸ் வந்துவிட்டது என்றேன். என் குரல் கீச்சென்று போனது எனக்கே கேட்டது.

நேற்று இங்கர் வீட்டுக் கதவைத் தட்டினேன். காப்பி குடித்தோம். எழும்போது, "வியாழக்கிழமை வருகிறேன்" என்றேன். அவர் சமையலறைச் சுவரில் இருந்த காலண்டரில் வியாழனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அக்கா வீட்டில் இருப்பது தினசரிக் காலண்டர். காலையில் எழுந்ததும் ஒரு தாளைக் கிழித்து, அதில் ஏலக்காய் மடித்து வைப்பாள். நான் வரும் நாள் தெரியாமல் இன்றும் ஒன்றைக் கிழித்திருப்பாள்.