திரைக்கு முதுகு காட்டிப் பார்த்த படங்கள்

மண்ணெண்ணெய் வாசமும் நனைஞ்ச கம்பளி வாசமும் சேர்ந்து வந்தா, எனக்கு இன்னைக்கும் சினிமா ஞாபகம்தான் வரும். சிரிக்காதீங்க...

அறுபதுகள்ல, ராகலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நான் வாக்கப்பட்டு வந்த புதுசு. எங்க பக்கம் டிவின்னா என்னன்னே யாருக்கும் தெரியாத காலம். எப்பவாவது படம் காட்டுற வேன் ஒண்ணு வரும். காலையில வேலைக்குப் பேர் கொடுக்குற அதே பெரட்டுக் களத்துல ரெண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவாங்க. பொழுது சாஞ்சதும் லயத்து வரிசை வீட்டுச் சனம் மொத்தமும் கம்பளியைப் போத்திக்கிட்டு வந்து உக்காந்துரும்.

எனக்கு அந்த ஒரு நாள்தான் சந்தோஷம். மத்த நாளெல்லாம் மலை, கொழுந்து, அட்டைக்கடி, அடுப்பு.

அந்த ஒரு நாளுக்கும் உலை வைக்க என் மாமனார் இருந்தாரு.

மாமா தேயிலை ஃபெக்டரியில ரோலர் மெஷின்கிட்டயே காலம் பூரா நின்னவரு. அந்த இரைச்சல்ல ரெண்டு காதும் போச்சு. அதோட வேலையும் போச்சு. அப்புறம் அவருக்கு மிஞ்சின ஒரே ஆசை, படம் பாக்குறது. படத்துல என்ன பேசுறாங்கன்னு சொல்ற வேலை புது மருமக தலையில விழுந்துச்சு. என் வீட்டுக்காரரு நைசா ஆம்பளைங்க பக்கம் நழுவிருவாரு.

இதுல இன்னொரு கூத்து. எங்க வீட்டு வழக்கப்படி மருமக மாமனார் மூஞ்சிக்கு நேரா பேசக் கூடாது. கதவுக்குப் பின்னால நின்னு, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுத்தான் பேசணும். மாமியார் இதுல ரொம்பக் கண்டிப்பு. அதனால மாமாவுக்கு முதுகுப் பக்கமா உக்காந்து, வாயைப் பொத்திக்கிட்டு, அவரு காதுல கத்துவேன்.

முந்தானைக்குள்ள இருந்து கத்துனா நல்ல காது உள்ளவங்களுக்கே வெளங்காது. இவருக்கு எங்க வெளங்கும்?

"என்னவாம்?"னு கேப்பாரு. தன் சத்தமே தனக்குத் தெரியாதே... களமே திரும்பிப் பாக்கும். நான் கத்துவேன். முன்னால இருக்கவங்க ஏசுவாங்க. அதுக்குள்ள அடுத்த சீன் வந்துரும். மறுபடியும் "என்னவாம்?" எரிச்சல் தாங்காம நீளமான வசனத்தையெல்லாம் "சண்டை", "அழுவுறா"ன்னு ஒரே சொல்லுல முடிச்சிருவேன். மனுஷன் விடுவாரா? இம்புட்டு நேரம் வாயசைச்சானே, இம்புட்டுத்தானான்னு கேள்வி வரும்.

படம் முடிஞ்சு வீட்டுக்கு வரும்போது எனக்குத் தொண்டையும் இருக்காது, கதையும் தெரிஞ்சிருக்காது.

ஒரு தடவை நல்ல அழுகைப் படம். கதாநாயகனோட அம்மா சாகுற கட்டம். களமே மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கு. மாமா திடீர்னு வயித்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சாரு. வேற ஒண்ணுமில்ல, முன்னாடி போன தமாஷ் சீனை நான் அப்பத்தான் சொல்லி முடிச்சிருந்தேன்.

ஆளாளுக்குத் திரும்பி ஏசுனாங்க. செவிட்டுக் கிழவனை வீட்டுல கட்டிப் போட்டா என்னன்னு ஒருத்தன் கேட்டான். மாமாவுக்கு அது காதுல விழல. ஆனா சுத்தி இருந்த மூஞ்சிகளைப் பாத்தாரு. சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. கம்பளியைச் சுருட்டிக்கிட்டு எந்திரிச்சு, இனிமே நான் வரல, நீங்க பாருங்கன்னு நடக்க ஆரம்பிச்சிட்டாரு.

விட்டுது சனியன்னு நான் நிம்மதியா உக்காந்திருக்கணும். எனக்கு என்னமோ அழுகையா வந்துச்சு. ஓடிப் போய் அவருக்கு முன்னால நின்னு, உக்காருங்க மாமான்னு கத்துனேன். தொண்டை கட்டிப் போய் சத்தமே வரல. முந்தானை எங்கயோ கெடக்கு. வாய் மட்டும்தான் அசைஞ்சுது.

"சரி, உக்காருறேன்"னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இத்தனை நாள் கத்துனது வெளங்கல, இது மட்டும் எப்படி வெளங்குச்சு?

"மெஷின் ஓடுறப்ப யாரு சத்தம் யாருக்குக் கேக்கும்? அங்க எல்லாரும் வாயைப் பாத்துத்தான் பேசிக்குவோம். சத்தம் வேணாம் புள்ள. மூஞ்சியக் காட்டு."

நான் பயந்துக்கிட்டே மாமியாரைப் பாத்தேன். அவங்க எதையும் பாக்காதவங்க மாதிரி திரைப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. அது போதும்னு நான் உக்காந்துட்டேன்.

தொல்லை தீந்துச்சுன்னு நெனைக்கிறீங்களா? மூஞ்சியக் காட்டணும்னா நான் திரைக்கு முதுகு காட்டி உக்காரணுமே! இருட்டுல வாய் தெரியணும்னு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு அரிக்கேன் லாம்பு. வெளிச்சம் மத்தவங்களுக்கு அடிக்காம அதைச் சுத்தி கம்பளி. வேன்காரரு லாம்ப அணைக்கச் சொல்லி சிங்களத்துல கத்துவாரு. மாமனாரும் மருமகளும் பூசை பண்றாங்கன்னு பொம்பளைங்க கேலி பண்ணுவாங்க.

மறுநாள் மலையில கதாநாயகி போட்டிருந்த அட்டியலைப் பத்திப் பேசுவாங்க. நான் எங்க கண்டேன்? எனக்குக் குரல் மட்டும்தான் தெரியும். பாட்டு வந்தா மட்டும் மாமா கையை ஆட்டி, இப்ப நீ திரும்பிப் பாருன்னு சொல்லுவாரு. அது முடிஞ்சதும் தோளைத் தட்டுவாரு... வேலைக்குத் திரும்பணும்.

எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா களம் சிரிக்கிற அதே நேரத்துல மாமாவும் சிரிப்பாரு பாருங்க, அது எனக்கு ரொம்பப் புடிக்கும்.

இப்போ என் காதும் போயிருச்சு. ஹால்ல சுவரு அளவுக்கு டிவி இருக்கு. "என்னவாம்?"னு நான் கேட்டா மகன் ரிமோட்டை எடுத்து வால்யூமைக் கூட்டுறான். மருமக கிச்சன்ல இருந்தபடியே பதில் சொல்றா. பேரன் போனைக் குனிஞ்சு பாத்துக்கிட்டே என்னமோ முணுமுணுக்குறான். மூஞ்சிய மறைக்கணும்னு இந்த வீட்டுல யாருக்கும் எந்தக் கட்டுப்பாடும் இல்ல.

நேத்தும் வால்யூமைக் கூட்டுனான். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டுற அளவுக்கு.

டேய்... சத்தம் வேணாம்டா. மூஞ்சியக் காட்டு.